முதுகைக் காட்டி டீ குடித்தவர்

அவர் டீ குடிப்பதை முன்பக்கமிருந்து நான் பார்த்ததே இல்லை. இது எனக்கு உறைக்கவே வெகுநாள் ஆனது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எதிரே, வேப்பமரத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. மனைவியையும் மகளையும் உள்ளே அனுப்பிவிட்டு அவர் அங்கே வந்து நிற்பார். கிளாஸ் கைக்கு வந்ததும் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவார், மடமடவென்று குடிப்பார், மாஸ்க்கை ஏற்றுவார், அதற்குப் பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்ட காலத்துக்கு முன்பே அப்படித்தான். எல்லோரும் கழற்றிப் போட்ட பிறகும் அப்படித்தான். மகள் பக்கத்தில் இருக்கிறாளா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏனுங்க, நம்ம டீ அவ்வளவு மோசமாவா இருக்குது? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே குடிக்கறீங்க."

"டீ நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் அவர். "மூஞ்சிதான் சரியில்லை."

நீலகிரி மலையில், குந்தா பக்கம் மின்வாரியத்தில் லைன்மேன். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள், உள்ளங்கையில் கயிறு உராய்ந்த தழும்பு. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் அட்டவணையிலும் அவருக்குப் பெயர் இருந்ததில்லை. மகள் வர்ஷினியின் வரிசையில், 'தானம் தந்தவர்: தந்தை, பாதிப் பொருத்தம்' என்று மட்டும் இருந்தது.

வர்ஷினி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்தவள். குறைவாக இருந்தது என்று சொல்லவில்லை, அறவே இல்லை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேரும்போது இப்படி ஆகும். இந்தக் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகவே இருப்பார்கள். பிறகு ஒரு சளி வரும், போகாது. வாய்ப்புண் வரும், ஆறாது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. செய்யக்கூடிய பெரிய காரியம், இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து ஏற்றுவது. அது பிடித்துக்கொண்டால் குழந்தையின் உடம்பில் நோயோடு சண்டை போடும் அணுக்கள் புதிதாக முளைக்கும். தொற்று வருவதற்கு முன்னால் செய்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. வந்த பிறகு என்றால் சொல்ல முடியாது. இவர்களுக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களிலேயே நிமோனியாவில் போய்விட்டது. அதனால் வர்ஷினி பிறந்ததும் யாரோ ஒரு டாக்டர் சந்தேகப்பட்டுக் கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அது அவளுடைய அதிர்ஷ்டம். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

என் வேலை அதற்குப் பிறகு தொடங்குவது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். நான் குன்னூர்க்காரி என்பதால் மலைக் குழந்தைகள் எல்லோரையும் என்னிடமே கொடுத்திருந்தார்கள். கேள்விகளின் வரிசை எப்போதும் ஒன்றுதான். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, ஆனால் அதை அப்படிக் கேட்க முடியாது. "பாப்பா என்ன பண்றா?" என்று கேட்பேன். அந்தப் பக்கம் சத்தமே வராவிட்டால் மற்றக் கேள்விகள் தேவையில்லை. சில எண்கள் உபயோகத்தில் இருக்காது. சில எண்களில் வேறு யாராவது எடுத்து, "அவங்க ஊரை விட்டே போயிட்டாங்க" என்பார்கள். ஒரு அம்மா, "நீங்களாவது கூப்பிட்டுக் கேக்கறீங்களே" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு, குழந்தை போன விஷயத்தைச் சொன்னார். அப்படி ஒரு காலை கழிந்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. வேலையில் சேர்ந்த புதிதில் அழுதேன். பிறகு அழவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது.

அதனால் அவரோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். அவர் எண்ணை அழுத்தும்போது கை தயங்காது.

"பாப்பா என்ன பண்றா?"

"சன்னல்ல இருக்கறாங்க மேடம்."

"காய்ச்சல் ஏதாவது?"

"இல்லீங்க."

"ஸ்கூலுக்குப் போறாளா?"

"பாக்கலாங்க."

ஒருமுறை இந்தப் பேச்சின் நடுவே, "மேடம், கம்பத்துல இருக்கறேன். எல்.சி. திருப்பிட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்தபோது அது என்னவென்று கேட்டேன். லைன் கிளியர் என்றார். கம்பியில் வேலை செய்யப் போகிறவர் சப்-ஸ்டேஷனில் சொல்லி அந்த லைனில் கரண்டை நிறுத்தச் சொல்வார். அதற்குப் பெயர் எல்.சி. எடுப்பது. வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு அதே ஆள் பேசி, எல்.சி.யைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்ட் விடுவார்கள்.

"வேற யாராவது சொன்னா?"

"விட மாட்டாங்க."

"பக்கத்துலயே இருக்கறவரு, முடிஞ்சிருச்சுன்னு சொன்னாலும்?"

"மந்திரியே சொன்னாலும் விடக் கூடாதுங்க. மேல ஒரு ஆள் தொங்கிட்டிருப்பான். கீழ இருக்கறவனுக்கு ஆச்சு ஆச்சுன்னு சொல்லறதுக்கு என்னங்க."

அப்போது அதை ஒரு தொழில் விஷயமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவரோடு வேலை செய்பவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை. வர்ஷினிக்கு ஆரம்பத்தில் மாதாமாதம் எதிர்ப்புப் புரத ஊசி போட வேண்டியிருந்தது. பாதிப் பொருத்தத்தில் செய்யும்போது சில குழந்தைகளுக்கு ஒருவகை அணுக்கள் வந்துவிடும், இன்னொரு வகை வரத் தாமதமாகும். சிலருக்கு வராமலே போகும். அதுவரை அடுத்தவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக, வளைவு வளைவாக இறங்கி, காட்டைத் தாண்டிக் கோயம்புத்தூர் வருவார்கள். வாடகைக் காரில் அம்மாவும் மகளும். அவர் பின்னால் பைக்கில். காருக்குள் இடம் இருக்கும். மழையிலும் பைக்தான். மூடுபனியில் காரின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வருவார். வந்து இறங்கும்போது விரல்கள் விறைத்து, ஹெல்மெட் பட்டையைக் கழற்ற முடியாமல் நிற்பார்.

கார் ஓட்டி வருபவர் அவர் குடியிருக்கும் மின்வாரியக் கேம்ப்பைச் சேர்ந்தவரே. "இவரு எங்களுக்குப் பைலட்டுங்க," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "என்ன, பின்னாடி வர்ற பைலட்டு. உள்ள வாய்யான்னா வர மாட்டாரு." அவர் பக்கம் திரும்பினார். "மச்சான், உன் செல்லுதான அவ உடம்பு பூரா ஓடுது? நீ முன்னாடியே உள்ள போயாச்சு. இப்ப வெளிய நின்னு என்னத்தக் காப்பாத்தற?"

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். மாஸ்க் கொஞ்சம் அசைந்தது.

கார்க்காரர் சொன்னது உண்மை. ரத்தத்தில் இருப்பது யாருடைய அணுக்கள் என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. நான் படித்தவற்றில் எனக்குப் பிடித்த பரிசோதனை அதுதான். வர்ஷினியின் எதிர்ப்பு அணுக்கள் ஏறக்குறைய எல்லாமே அவருடையவை. ஒவ்வொரு முறையும் அந்த முடிவைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே பார்ப்பேன். அவர் மரத்தைப் பார்த்து நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு வரவேண்டிய அணுக்களும் வந்தன. ஊசி நின்றது. தடுப்பூசிகளை, புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குப் போடுவதுபோல் முதலிலிருந்து போட்டார்கள். அவள் உடம்பு அதற்குச் சரியாகப் பதில் சொன்னது. எங்கள் அட்டவணையில் வர்ஷினியின் வரிசைதான் ஆக அழகானது. களைப்பான நாட்களில் அந்த வரிசையை மட்டும் திறந்து பார்ப்பேன். ஆனால் பள்ளி என்ற கட்டம் காலியாகவே இருந்தது. கேட்டால், "பாக்கலாங்க." எங்கள் இளம் டாக்டரும் ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஸ்கூலில் சேருங்கள் என்று. "சரிங்க சார்," என்பார் அவர். அடுத்த தடவை வந்தாலும் சன்னல்தான்.

இதற்கிடையில் வர்ஷினி ஒன்றாம் வகுப்பு வயதைத் தாண்டிவிட்டாள்.

ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது குன்னூரிலிருந்து மஞ்சூர் பஸ் பிடித்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. காலியாக இருந்த அந்தக் கட்டம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கேம்ப் குவார்ட்டர்ஸ் என்பது ஒரே மாதிரி வீடுகளின் வரிசை. அவர் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய், அதில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. முன் அறையின் குறுக்கே மேலிருந்து கீழ் வரை கனத்த பிளாஸ்டிக் திரை. திரைக்கு உள்ளே அம்மாவும் மகளும், சுவரில் கறுப்பு மீசையோடு அவருடைய கல்யாணப் படமும். வெளியே ஒரு கட்டில், ஒரு ஆணி, ஆணியில் அவர் சட்டை. அவர் குடியிருந்தது அந்தக் கட்டிலில்.

வர்ஷினி பக்கவாட்டுச் சன்னலில் உட்கார்ந்திருந்தாள். கீழே மண்ணில் கேம்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அவுட்டு," என்றாள் சன்னலிலிருந்து.

"அவுட்டெல்லாம் இல்லடி. பட்டுச்சு."

"பேட்ல படலை, உன் முட்டில பட்டுச்சு. போ."

அவன் மட்டையை வைத்துவிட்டுப் போனான். அந்தக் கேம்பில் அவள்தான் அம்பயர். வேறு யாருக்கும் விளையாடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவளுக்கு அதுதான் வாய்த்தது. எல்லாப் பிள்ளைகள் பெயரும் அவளுக்குத் தெரியும், யார் ஏமாற்றுவான் என்பதும் தெரியும். யாரையும் தொட்டதில்லை.

நான் கை கழுவி, மாஸ்க் போட்டு உள்ளே போனேன். அவருடைய மனைவி திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். "நீங்களாச்சும் கேளுங்க. நான் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. டாக்டரு போகலாம்னு சொல்லறாரு. இவரு சரி சரிங்கறாரு. ஊட்டுக்கு வந்தா மறுபடியும் திரை. என்னான்னு கேட்டா, அந்தம்மா சொல்லலைங்கறாரு."

"எந்தம்மா?"

"பெரிய டாக்டரம்மா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வர்ஷினிக்குச் சிகிச்சை செய்தவர் எங்கள் பெரிய டாக்டரம்மா. வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர் ஒன்றைச் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் பல தடவை கேட்டிருக்கிறேன். "நான் சொல்ற வரைக்கும் வெளி ஆள் யாரையும் பக்கத்துல விடாதீங்க. நான் சொல்லுவேன், அப்ப விடுங்க." எல்லாக் குடும்பங்களும் தலையாட்டும். கொஞ்ச நாளில் தாங்களே ஒருவர் ஒருவராக உள்ளே விட்டுக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும். வர்ஷினி வீட்டுக்குப் போன மறு வருஷம் டாக்டரம்மா உடம்பு சரியில்லாமல் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

வர்ஷினியின் அப்பா குழாயடியில் நின்றிருந்தார். வெளியே போய்க் கேட்டேன்.

"டாக்டரம்மா தவறிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுமுங்க அம்மிணி. மாலை வாங்கிட்டு வந்தேனே." ஆஸ்பத்திரியில் நான் மேடம், தன் ஊரில் அம்மிணி.

"அப்புறம் அவங்க எப்படி வந்து சொல்லுவாங்க?"

அவர் சோப்புக் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "இந்த டாக்டரு நல்லவருங்க. நான் தப்பாச் சொல்லலை. ஆனா எல்.சி. எடுத்தது அந்தம்மா. இவரு அங்க சேர்ல உக்காந்துக்கிட்டு, போலாம் போலாம்ங்கறாரு. எந்த லைனு, எங்கெங்க போகுதுன்னு அவருக்குத் தெரியுமாங்க?"

"வர்ஷினி லைன் இல்லைங்க."

"அதனாலதான் பயமுங்க. லைன்னா வேற கம்பி போட்டுக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். சன்னலில் அந்தப் பெண் யாருக்கோ இரண்டு ரன்னா மூன்று ரன்னா என்று வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த எத்தனையோ பெற்றோர்களுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்திருக்கிறது. அதை எடுத்து ஒரு பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

"சரிங்க," என்றேன். "உங்க வேலையிலயே கேக்கறேன். எல்.சி. எடுத்தவருக்கே ஏதாவது ஆயிட்டா என்ன பண்ணுவீங்க? ஊரையே இருட்டுல போட்டுடுவீங்களா?"

சோப்புக் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு, விருப்பமில்லாமல், உண்மையை மறைக்கவும் தெரியாமல் சொன்னார். "மேல இருக்கற ஆபீசரு நேர்ல வரணுமுங்க. லைன் போற வழி பூரா நடந்து பாக்கணும். எல்லாரும் எறங்கியாச்சான்னு அவரே பாத்துட்டு, அவரு பொறுப்புல திருப்பணும்."

"அப்ப அதைப் பண்ணலாம்."

இளம் டாக்டரைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. "நான் சொன்னதைக் கேட்க மாட்டாராம், நான் மலை ஏறி வந்து நடக்கணுமாம்," என்றார். அவர் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே களைப்புதான். வார்டில் அப்போது ஒரு குழந்தை மோசமாக இருந்தது. பிறகு அது இல்லாமல் போனது. அடுத்த வாரமே, தானாக வந்து, "ஊட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போறேன். வர்ற வழியில அந்த லைன்மேன் ஊட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்," என்றார்.

அதனால் அவர் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக வந்து நின்றார். நான் குன்னூரிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். லைன்மேன் அன்றைக்குக் காக்கி உடுப்பைத் துவைத்துப் போட்டிருந்தார்.

வாசற்படியிலிருந்து தொடங்கினோம். லைன்மேன் முன்னால் போய் ஒவ்வொரு இடமாக நின்றார். குழாயடி. "இது?" என்றார். டாக்டர் பார்த்தார். "காய்ச்சின தண்ணிதானே குடிக்கறா? ஓகே." அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டு. "இது?" "கூண்டுக்குள்ள கைய விடக் கூடாது. மத்தபடி ஓகே." ரேஷன் கடை. சறுக்கலான மண்பாதை, அதில் டாக்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. லைன்மேன் அதை எடுத்து, குழாயில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பஸ் நிழற்குடை. அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"இது?" என்றார்.

டாக்டர் பெரியவரிடம் எத்தனை நாளாக இருமல் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும் முகம் மாறியது. "நாளைக்கே மஞ்சூர் ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் பண்ணணும் ஐயா," என்றார். பிறகு எங்களிடம், "ரிசல்ட் தெரியற வரைக்கும் இவர் பக்கத்துல பாப்பா உக்கார வேண்டாம்."

லைன்மேன் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு டாக்டரின் நடையில் அவசரம் போய்விட்டது. வகுப்பறைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்தார். டீச்சரிடம் அம்மை, தட்டம்மை என்று யாருக்காவது வந்தால் உடனே சொல்லச் சொன்னார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த பிள்ளைகள் பட்டுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து வாசலில் நின்றதும், "சரி, போலாம்," என்றார் டாக்டர்.

"அப்படியில்லீங்க சார்," என்றார் லைன்மேன். "சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நாங்க, 'ஆளுக எல்லாரும் எறங்கியாச்சு, லைனை சார்ஜ் பண்ணலாம்'னு சொல்லுவோம். நீங்க உங்க பாஷையில சொல்லுங்க."

டாக்டர் நிமிர்ந்து நின்றார். வேட்டியின் கரையெல்லாம் சேறு. "டாக்டரம்மா சொன்னதை நான் திருப்பறேன்," என்றார். "வர்ஷினி வெளிய போகலாம். என் பொறுப்பு."

லைன்மேன் தலையசைத்தார். உள்ளே போய், கட்டில் மேல் ஏறி, திரையை மாட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். "இந்த நாலு வார்த்தைக்கா இத்தனை வருசம்," என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வர்ஷினி பள்ளிக்கூடம் போனாள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தது. அவர் கூப்பிட்டு, "வந்திருச்சுங்க," என்றார். வேறு வார்த்தை இல்லை. டாக்டரிடம் காட்டச் சொன்னேன், காட்டினார்கள், சாதாரண வைரஸ் காய்ச்சல். அந்த நாட்களில் நான் என் மற்ற அழைப்புகளைச் சரியாகச் செய்யவில்லை. அழகான வரிசைகள் கெட்டுப்போவதையும் பார்த்தவள் நான். பிறகு ஒரு காலையில் அவர் கூப்பிட்டார். "விட்டிருச்சுங்க அம்மிணி. தானாவே விட்டிருச்சு."

"தானா இல்லைங்க," என்றேன். "சண்டை போட்டது உங்க அணுக்கள்."

"அது அவளோடதுங்க. குடுத்தாக் குடுத்ததுதான்."

பள்ளி என்ற கட்டத்தை நிரப்பினேன். அந்த வரிசையில் அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சென்னையில் வேறு வேலை கிடைத்துக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை குந்தாவுக்குப் போனேன். திரை இல்லை. முன் அறை பெரிதாகத் தெரிந்தது. புத்தகப்பை ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. வர்ஷினி வெளியே மட்டையோடு நின்றாள். அம்பயர் வேலையை யாரும் ஏற்காததால் ஆட்டம் சண்டையாகவே நடந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி டீ போட்டுக் கொடுத்தார். அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். துவைக்கிற கல்லில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாஸ்க் இன்னும் முகத்தில் இருந்தது. ஆணியும் கட்டிலும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன.

"இன்னும் அங்கதான் படுக்கறாரு," என்றார் மனைவி. "பக்கத்துல கூப்பிட்டா வர மாட்டாரு. புள்ளயக் கையப் பிடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாலும், ரெண்டடி பின்னால நடக்கறாரு. நீங்களே கேளுங்க."

போய்ப் பின்னால் நின்றேன். "டாக்டர் திருப்பியாச்சே. இன்னும் என்னங்க?"

அவர் திரும்பவில்லை. எதிரே தேயிலைச் சரிவு, அதற்கும் அப்பால் மேகத்துக்குள் போகும் கம்பிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூத்தவனை நான் நெஞ்சு மேல போட்டுத்தான் தூங்க வெப்பேன். வேற யாருகிட்டயும் தூங்க மாட்டான். ஒரு மழைக்காலம், கம்பத்துல நனைஞ்சு எனக்கு நல்ல சளி. இருமிக்கிட்டே போட்டுத் தூங்க வெச்சேன். அதுக்கப்புறம்தான் அவனுக்கு மூச்சு வாங்குச்சு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு எதிர்ப்பே இல்லை, எந்தச் சளியும் போதுமானதாக இருந்திருக்கும், பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கலாம், பஸ்ஸில் வந்திருக்கலாம், யாரிடமிருந்து என்று எந்தப் பரிசோதனையாலும் இனிச் சொல்ல முடியாது. எல்லாம் உண்மை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது வேற லைனுங்க அம்மிணி," என்றார். "டாக்டரம்மாதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அந்த எல்.சி. நான் எடுத்தது."

"அப்ப திருப்பவேண்டியவரும் நீங்கதானே. யாரும் மலையேறி வர வேண்டியதில்லையே."

"திருப்பணும்னா மொதல்ல கம்பத்துலிருந்து எறங்கணுமில்லீங்களா," என்றார்.

சமையலறை வாசலுக்குத் திரும்பிவந்து படியில் உட்கார்ந்தேன். டீ அவர் கையில் அப்படியே இருந்தது.

வர்ஷினி மண் கையைக் கழுவிவிட்டு வந்தாள். தட்டிலிருந்த வர்க்கி பிஸ்கட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு, கல்லைச் சுற்றி அப்பாவுக்கு முன்னால் போனாள். அவர் நகர்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் சுற்றி வந்தாள். அவர் மறுபடி திரும்பினார்.

"அப்பா, அசையக் கூடாது," என்றாள். சன்னலிலிருந்து பிள்ளைகளை மிரட்டும் அதே குரல்.

அவர் அசையவில்லை. அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வர்க்கியை அவருடைய தம்ளருக்குள் முக்கி எடுத்து, சொட்டுவதற்குள் கடித்தாள். இரண்டாவதை அவரிடம் நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள்.

நான் இருந்த இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தம்ளரைக் கல்லில் வைத்தார். கை மெல்ல மேலே போய், காதருகே நின்று, மாஸ்க்கின் கயிற்றோடு இறங்கியது.

வர்ஷினி அவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"அப்பா," என்றாள். "மீசையெல்லாம் வெள்ளையாயிருச்சு."